நின்ற வண்டிக்கு நோய் அதிகம்

உங்களுக்கு ஒரு கேள்வி. இரண்டு கார்கள். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. ஒன்றை அதன் சொந்தக்காரர் நாள் தவறாமல் ஓட்டி வந்தார். மற்றொன்றை வாங்கிய சில ஆண்டுகளிலேயே கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து இரண்டையும் பழுது பார்க்க வேண்டும். எதற்குச் செலவு அதிகம் பிடிக்கும்?

"ஓடிய காருக்குத்தான், அதுதானே தேய்ந்திருக்கும்?" என்பீர்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். நின்ற காருக்குத்தான் செலவு அதிகம் என்பார். ஓடும் கார் உராய்வினால் தேய்கிறது. எங்கெங்கே தேயும் என்பது அதை வடிவமைத்தவருக்கு முன்கூட்டியே தெரியும். அங்கே எண்ணெய் விட வழி வைத்திருப்பார். தேய்ந்ததைக் கழற்றி வேறொன்று மாட்டவும் வழி வைத்திருப்பார். நிற்கும் காரை அரிப்பது வேதியியல். அது எங்கே தொடங்கும் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துத் தெருக்களில், பழைய ஓட்டு வீடுகளின் பின்புறம் இப்படி நின்றுபோன கார்கள் அபூர்வமாக இன்னும் கண்ணில் படும். டயர்களில் காற்று இருக்காது. பின் இருக்கையில் பூனை குட்டி போட்டிருக்கும். அது தாழ்வான, இரண்டே கதவுகள் கொண்ட, பின்புறம் மீனின் துடுப்பைப் போல இரு முனைகள் எழுந்து நிற்கும் கார் என்றால், ஒருவேளை ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் பார்ப்பது நம் சென்னையிலேயே பிறந்த காரை! அப்படி ஒன்றை மீண்டும் சாலையில் ஓடவைக்க என்னென்ன வேண்டும் என்று பார்ப்போமா?

சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைச் செய்து விற்றது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். அதற்கு உருவம் கொடுத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். நம் நாட்டில் பிற்காலத்தில் நான்கு கதவு ஹெரால்டும், 1972-இல் கெசல் என்ற காரும் வந்தன. 1988-இல் அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்றுவிட்டது.

"இது குடும்பக் கார்தானே, ஸ்போர்ட்ஸ் கார் ஆகுமா?" என்று சிலர் கேட்கலாம். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் இதன் உடன்பிறப்பு. ஹெரால்டின் அடிச்சட்டத்தையே குட்டையாக்கி, இருவர் மட்டும் அமரக்கூடிய திறந்த உடலை அதன்மேல் பொருத்தி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் வெளியிட்டார்கள். அதன் மாதிரி வண்டியே பணத் தட்டுப்பாட்டால் கைவிடப்பட்டு, தொழிற்சாலையின் மூலையில் துணி போர்த்திக் கிடந்ததாம்! 1961-இல் லேலண்டு நிறுவனம் அந்தத் தொழிற்சாலையை வாங்கியபோது, சுற்றிப் பார்க்க வந்த அதிகாரிகள் துணியை விலக்கிப் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. நம் ஊரிலும் ஹெரால்டு பந்தயம் அறியாத கார் அல்ல. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வரும் வரை அதுதான் தென்னாட்டுப் பந்தயக்காரர்களின் களம். அங்கே ஃபியட்டும் ஹெரால்டும் இரைச்சலோடு பறந்த காலம் ஒன்று உண்டு.

இந்தக் காரைப் புதுப்பிக்கத் துணிபவருக்கு ஓர் அதிர்ஷ்டம் காத்திருக்கிறது. 1950-களில் பெரும்பாலான கார் நிறுவனங்கள் அடிச்சட்டம் வேறு, உடல் வேறு என்ற பழைய முறையைக் கைவிட்டு, முட்டை ஓடு போல் முழு உடலையும் ஒரே கூடாகப் பற்றவைக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆனால் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் உடல்கள் செய்து கொடுத்துவந்த ஆலையை 1953-இல் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. புதிய காருக்கு முழு உடல் செய்து தர ஆள் இல்லை. என்ன செய்வது? உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு சிறிய ஆலைகளில் செய்து, எல்லாவற்றையும் தனி அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டு போட்டு இறுக்கிவிடலாம் என்று தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் முடிவு செய்தார். அன்றைய வியாபார நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடு இன்று நம் ஊர்ப் பட்டறைக்காரருக்குக் கைகொடுக்கிறது. கூடு போன்ற காரில் ஓரிடம் துருப்பிடித்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஹெரால்டையோ ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் முழுவதும் பிரித்துப் பரப்பிவிடலாம்.

முன்பக்க மூடியும் சக்கரங்களின் மேல் கவிந்த தகடும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். எஞ்சின் நடுத்திண்ணைப் பொருள் போல எல்லாப் பக்கமும் தெரியும்படி நிற்கும். இயந்திரம் கற்க விரும்பும் மாணவனுக்கு இதைவிட நல்ல கார் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

சரி, தார்ப்பாயை விலக்குவோம். முதலில் எடுக்க வேண்டிய கருவி எது தெரியுமா? ஸ்பானர் அல்ல, ஒரு சிறு காந்தம். கீறல் விழாமல் இருக்க அதை மெல்லிய துணியில் சுற்றிக் காரின் உடல் நெடுக நகர்த்துங்கள். நல்ல தகட்டில் வெடுக்கென ஒட்டும். சில இடங்களில் சோம்பலாக ஒட்டும். சில இடங்களில் நழுவி விழும். விழுந்த இடத்தில் வண்ணத்துக்கு அடியில் இரும்பு இல்லை. முன்பு எவரோ ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்! காந்தத்துக்கும் இரும்புக்கும் இடைவெளி கூடக்கூட ஈர்ப்பு விசை மிக வேகமாகக் குறைந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் பட்டியே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்குக் காந்தம் சொல்லும் உண்மையை விற்பவர் சொல்லமாட்டார்.

அடுத்து, தரை விரிப்பைத் தூக்குங்கள். பெரும்பாலும் அங்கேதான் அதிர்ச்சி. விரிப்பின் அடியில் இருந்த சணல் மெத்தை மழைநீரை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். தகடு அப்பளம் போல நொறுங்கும். வெளியே மழையிலும் வெயிலிலும் கிடந்த கூரைத் தகடு நன்றாக இருக்க, மூடி வைத்த தரை மட்டும் ஏன் இப்படி அழிய வேண்டும்?

மூன்று சோதனைக் குழாய்களில் ஆணி போட்டுச் செய்யும் சோதனையை நீங்கள் வகுப்பில் செய்திருப்பீர்கள். துருப்பிடிக்க நீரும் வேண்டும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும் என்று அதில் தெரிந்துகொண்டீர்கள். கதை அத்துடன் முடியவில்லை. 1920-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி ஒரே ஒரு சொட்டு உப்புநீரைக் கொண்டு இன்னும் ஆழமான உண்மையைக் காட்டினார். அதை உங்கள் வேதியியல் ஆசிரியர் முன்னிலையில் நீங்களும் செய்யலாம். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகடு ஒன்று வேண்டும். உப்புநீரில் சிறிது பீனால்ஃப்தலீனும் சிறிது பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்து, அதில் பெரிய சொட்டு ஒன்றைத் தகட்டின்மேல் விடுங்கள். சற்று நேரம் பொறுத்திருங்கள். சொட்டின் நடுவில் நீல நிறமும், விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையமும் தோன்றும்.

நீலம் தோன்றிய இடத்தில் இரும்பு அயனியாகக் கரைகிறது என்று பொருள். இளஞ்சிவப்புத் தோன்றிய இடத்தில் காரம் உண்டாகிறது என்று பொருள். அதாவது நடுவில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே விளிம்புக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனையும் நீரையும் சந்தித்துக் காரமாக்குகின்றன. ஒரு சொட்டு நீர் ஒரு குட்டி மின்கலம் ஆகிவிட்டது! விளிம்பில் நீர் மெல்லியது. ஆக்சிஜன் எளிதில் கிடைக்கிறது. நடுவில் ஆக்சிஜன் குறைவு. வியப்பு என்னவென்றால் ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் இரும்பு தின்னப்படுகிறது.

இப்போது காரின் தரையை நினைத்துப் பாருங்கள். ஈர மெத்தையின் அடி, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்கு, கதவின் அடிப்பக்கத்தில் சேறு சேர்ந்த மூலை ஆகிய இவையெல்லாம் ஆக்சிஜன் குறைந்த, ஈரம் நிறைந்த இடங்கள். சொட்டின் நடுப்பகுதிகள். மூடி வைத்தது பாதுகாப்பு என்று நாம் நினைத்தோம். இரும்புக்கு அதுவே ஆபத்தாயிற்று. பிளாஸ்டிக் தார்ப்பாய் இன்னும் மோசம். பகலில் அடியில் ஆவியாகும் ஈரம் இரவில் காரின்மேலேயே பனியாகப் படிகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகமெடுக்கும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். கடல் உப்பும் துணை சேர்ந்தால் கேட்கவா வேண்டும்!

இனி பிரிக்கும் வேலை. துருப்பிடித்த நட்டைப் பலம் கொண்டு திருகினால் போல்ட்டு முறிந்துதான் கையோடு வரும். துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். ஆகவே மரையின் இடுக்கில் அது ஆப்பு அடித்தாற்போல் இறுகிக் கிடக்கிறது. டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து அதன்மேல் விட்டு இரண்டு நாள் காத்திருப்பார்கள். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலமாக நுண்புழைக் கவர்ச்சி எண்ணெயை உள்ளே இழுக்கும். அதற்கும் மசியாவிட்டால் நட்டைச் சூடாக்குவார்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு புதிர். நட்டைச் சூடாக்கினால் அதன் நடுத்துளை பெரிதாகுமா, சிறிதாகுமா? உலோகம் எல்லாப் பக்கமும் விரிவதால் துளை அடைபடும் என்று கல்லூரி மாணவர்களில்கூடப் பலர் சொல்கிறார்கள். துளை பெரிதாகும் என்பதே சரி. துளை இருந்த இடத்தில் அதே உலோகத்தாலான வட்டத் தகடு ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். சூடாக்கினால் அதுவும் விரியுமல்லவா? அது விரிந்து எவ்வளவு இடம் பிடிக்குமோ, துளையும் அவ்வளவு பெரிதாகிறது. 10 மி.மீ. துளை 200 பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.024 மி.மீ. விரியும். அற்பம்தான். ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்ட நம் கொல்லருக்கு இது புதிய செய்தி அல்ல.

பிரித்த ஒவ்வொரு பாகத்தையும் படம் பிடித்து, பெயர்ச் சீட்டுக் கட்டி வைப்பது அவசியம். சலிப்பான வேலை. பாதி பிரித்த நிலையில் சாக்கு மூட்டைகளாகவே நின்றுபோன கார்கள் ஏராளம். அவை பெரும்பாலும் புதுப்பேட்டைக்குத்தான் போய்ச் சேர்கின்றன.

எஞ்சினுக்கு வருவோம். ஹெரால்டு எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 63 மி.மீ.; பிஸ்டன் என்னும் உந்துதண்டு மேலும் கீழும் போகும் தூரம் 76 மி.மீ. உருளையின் கன அளவு காணும் வாய்பாட்டைக் கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நான்குக்கும் சேர்த்து 948 கன சென்டிமீட்டர் வரும். காரின் விளம்பரத்தில் சி.சி. என்று போடுவது இதைத்தான்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். திறந்த வால்வின் வழியாக ஈரக்காற்று ஆண்டுக்கணக்கில் போய் வரும். பிஸ்டனைச் சுற்றியுள்ள இரும்பு வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் எஞ்சின் 'பிடித்துக்கொண்டது' என்கிறார்கள். பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வளையம் உடைந்து சுவரைக் கிழித்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியே எண்ணெய்க் கலவையை ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, நெம்புகோலால் ஒரு நூலிழை முன்னே, ஒரு நூலிழை பின்னே என்று அசைக்க வேண்டும்.

பிஸ்டன் அலுமினியம், சுவர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல் இரண்டு மடங்கு விரிகிறது. 100 பாகை ஏறினால் 63 மி.மீ. பிஸ்டன் 0.145 மி.மீ. பெருக்கும், சுவரின் விட்டமோ 0.07 மி.மீ. அளவே பெருக்கும். வித்தியாசம் ஒரு தலைமுடியின் பருமன். குளிர்ந்த நிலையில் அந்த இடைவெளியைச் சரியாக விட்டுத்தான் பொருத்த வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சுற்றுவட்டாரத்து லேத் பட்டறைகளில் மைக்ரோமீட்டர் பிடித்தவர்களின் திறமை இங்கேதான் தெரியும். துரு குழி பறித்த சுவரை அரை மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். 63.5 மி.மீ. என்று வைத்து மறுபடி கணக்கிடுங்கள். எஞ்சின் 15 சி.சி. கூடியிருக்கும்!

துருப்பிடித்த சிறு பாகங்களைச் சுத்தம் செய்ய மின்பகுப்பு நல்ல வழி. சலவைச் சோடாக் கரைசலில் துருப்பிடித்த பாகத்தை எதிர்மின்வாயாகவும் பழைய இரும்புத் துண்டு ஒன்றை நேர்மின்வாயாகவும் வைத்து, பேட்டரி சார்ஜரின் 12 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்துவார்கள். பாகத்தின்மேல் ஹைட்ரஜன் குமிழிகள் பொங்கித் துருவை நெகிழ்த்திவிடும். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு. ஆகவே திறந்த வெளியில், பெரியவர்கள் உடனிருக்கத்தான் செய்ய வேண்டும். நேர்மின்வாய்க்கு எவர்சில்வர் பொருளைப் பயன்படுத்தவே கூடாது; அதிலுள்ள குரோமியம் நச்சு உப்பாகக் கரைந்துவிடும்.

துரு போய்விடும். ஆனால் துரு தின்ற இரும்பு திரும்பாது. குழி குழியாகவே நிற்கும். ஓட்டை விழுந்த தகட்டை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வெட்டி, வளைத்து, பற்றவைப்பது டிங்கர் வேலை. ஒரு மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாத தகடு. பற்றவைக்கும் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, அப்பளம் போல நெளியும். அடியில் இரும்புக் கட்டையைத் தாங்கி, மேலே சுத்தியால் செல்லமாகத் தட்டித் தட்டி அந்த நெளிவை எடுக்கிறார்களே, அதை நான் நின்று வேடிக்கை பார்ப்பதுண்டு. விரலால் தடவியே மேடு பள்ளம் சொல்வார்கள். பட்டியை அள்ளிப் பூசிக் கண்ணாடி போல் வண்ணம் அடிப்பவர் சீக்கிரம் முடித்துவிடுவார். ஐந்தாறு மழைக்காலம் போனால் குட்டு வெளிப்படும். வண்ணத்துக்கு முன் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு அடிப்பது நல்லது. இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் கரையும். தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

எரிபொருளில் இரண்டு சிக்கல்கள். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தார்கள். அது வெளியேற்று வால்வின் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. ஈயம் மூளைக்கு நஞ்சு, அதிலும் குழந்தைகளின் மூளைக்கு. ஆகவே 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் அது நிறுத்தப்பட்டது; மிக நல்ல காரியம். பழைய எஞ்சினுக்குக் கடினமான எஃகு வளையத்தை வால்வு இருக்கையாகப் பதித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. இரண்டாவது, இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலந்திருக்கும் எத்தனால். அது பழைய ரப்பர்க் குழாய்களை ஊதவைக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து டாங்கிக்குள் சேர்க்கும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதே கார்புரேட்டர் துளையில் எத்தனால் கலந்த எரிபொருள் வந்தால், காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த கலவையாகிவிடும், எஞ்சின் சூடேறும். துளையைச் சற்றே பெரிதாக்கி, குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. பிரேக் திரவமும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. பல்லாண்டு நின்ற காரில் அந்த நீர் உலோகக் குழாய்களை உள்ளிருந்தே அரித்திருக்கும். பாஸ்கல் விதிப்படி மிதியில் தரும் அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். ஓரிடத்தில் ஊசித்துளை இருந்தால் அழுத்தமும் இல்லை, பிரேக்கும் இல்லை. வெளியே பளபளவென்று தெரிந்தாலும் குழாய், ரப்பர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவதே முறை. மற்றொரு எச்சரிக்கை: பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கும். அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். நுரையீரலில் தங்கி, பல்லாண்டுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படக்கூடியது அது.

பாகங்கள் கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம். அம்பத்தூரை அடுத்த பாடியில்தான் 1961-இல் லூகாஸ்-டிவிஎஸ் மின் கருவிகளுக்கும், 1962-இல் பிரேக்ஸ் இந்தியா பிரேக்குகளுக்கும் தொடங்கப்பட்டன. இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக மோட்டார்ப் பாகங்கள் செய்த கைகள் இருக்கின்றன. பழையது கிடைக்காவிட்டால் பார்த்துச் செய்து தர ஆள் உண்டு.

இனித்தான் சங்கடமான கேள்வி. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனி அச்சில், நடுவிலிருந்து கதவு போல மேலும் கீழும் ஆடும். மேடு பள்ளத்தில் சுகம். ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பும்போது உடல் எழும்பினால், வெளிப்புறச் சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடங்கும். தரையைக் கவ்வும் பிடி திடீரென்று போகும். பிற்பாடு வந்த கெசல் காரில் இரு பின்சக்கரங்களையும் ஒரே உறுதியான அச்சில் இணைத்தார்கள். பழுது பார்க்கிற நாமும் அச்சை மாற்றிவிடலாமா? அப்படியே இன்றைய எஞ்சினையும் வைத்துவிடலாமா?

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி இதில் சம்பந்தப்படுகிறது. 50 ஆண்டு தாண்டிய, அடிச்சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டி மட்டுமே 'விண்டேஜ்' என்று பதிவாகும், வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். கண்காட்சி, ஆராய்ச்சி, பழங்கார்ப் பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே அதைச் சாலையில் ஓட்டலாம். எது பழுது பார்த்தல், எது மாற்றம்? துருத் தரையை வெட்டிப் புதுத் தகடு வைத்தால் அது அதே கார்தான். எஞ்சினையே மாற்றினால் கார் போலத் தோன்றும் வேறொன்று. நடுவில் இருப்பவற்றில்தான் சண்டை. என்னைக் கேட்டால், உயிர் காக்கும் இடங்களில், அதாவது பிரேக் குழாய், எரிபொருள் குழாய், டயர் இவற்றில் இன்றைய பொருளைத் தயங்காமல் போடுங்கள். அச்சை அப்படியே விட்டுவிட்டு வளைவில் மெதுவாகப் போங்கள். 1959-இல் பொறியாளர்கள் எங்கே சரியாக யோசித்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க அந்தக் கார் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. குறையைத் திருத்திவிட்டால் சாட்சியைக் கலைத்ததாகிவிடும்.

எல்லாம் பூட்டியாயிற்று. முதல் முறை கிளப்பும்போதும் அவசரம் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிடுவார்கள். எண்ணெய் எல்லா இடுக்குக்கும் போய்ச் சேர்ந்து அழுத்தம் ஏறியது தெரிந்த பிறகே பிளக்குகளை மாட்டி உயிர் கொடுப்பார்கள்.

ஓடத் தொடங்கிய காரைக் காப்பதற்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். "தினம் காலையில் இரண்டு நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் வண்டி நன்றாக இருக்கும்" என்று வீட்டில் தாத்தாவோ மாமாவோ சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் எவ்வளவு நீர் உண்டாகும் தெரியுமா? ஏறத்தாழ ஒரு லிட்டர்! பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. எஞ்சின் சூடாக இருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். இரண்டு நிமிடத்தில் அணைத்தால் குளிர்ந்த சைலன்சருக்குள்ளும் எஞ்சின் எண்ணெயிலும் நீராகத் தங்கும். சைலன்சர்கள் உள்ளிருந்து துருப்பிடிப்பதற்கு இதுவே பெரிய காரணம். வாரத்துக்கு ஒரு நாள், குறைந்தது அரை மணி நேரம், அம்பத்தூரிலிருந்து புழல் ஏரிப் பக்கம் போய்த் திரும்பினால் போதும். எண்ணெய் நன்றாகச் சூடேறி, உள்ளே தங்கிய நீர் முழுவதும் ஆவியாகிப் போய்விடும்.